சட்டம் படிப்பதற்கு முன்னால் என்ன படிப்பது? – வாசகர் கேள்வி பதில்

சட்டப் படிப்பு பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் எழுதியதும் செட்டிநாட்டுப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊர்ப் பெயரை மட்டும் போட்டு, ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகன் குடும்பத்தோடு அமெரிக்காவில் இருக்கிறான். பேத்தி அங்கே காலேஜில் பொருளாதாரம் படிக்கிறாள். "இந்த வருஷம் பிரீ-லா மைனர் எடுக்கப் போறேன் அப்பத்தா" என்று போனில் சொன்னாள். அப்படியென்றால் வக்கீலுக்குப் படிக்கிறாளா? முடித்ததும் கோர்ட்டுக்குப் போகலாமா? எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.
– பள்ளத்தூரிலிருந்து ஓர் ஆச்சி

பதில்: ஆச்சி, பிரீ-லா என்றால் சட்டப் படிப்புக்கு முன்னால் செய்யும் தயாரிப்பு, இதை முடித்தவுடன் பேத்தி வக்கீல் ஆகிவிட மாட்டாள். ஆனால் வக்கீலாக வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருக்கிறது, அதற்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளப் பார்க்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் +2 முடித்த கையோடு சட்டக் கல்லூரியில் சேர்ந்துவிடலாம். அமெரிக்காவில் அந்த வழி கிடையாது. முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் நான்கு வருட டிகிரி, அதற்குப் பிறகு லா ஸ்கூலில் மூன்று வருடம் ஜே.டி. என்ற படிப்பு, அதையும் முடித்துவிட்டு எந்த மாநிலத்தில் தொழில் செய்யப் போகிறார்களோ அந்த மாநிலத்தின் பார் தேர்வு (வக்கீலாகத் தொழில் செய்ய எழுதும் தேர்வு), பெரும்பாலானவர்கள் போகிற பாதை இதுதான். பேத்தி இப்போது இருப்பது முதல் படியில். அவளுக்குப் பொருளாதாரம் முதன்மைப் பாடம், அதை மேஜர் என்பார்கள். அதோடு கூட இன்னொரு துறையில் சில பேப்பர்கள் சேர்த்துப் படித்தால் அது மைனர். டிகிரி முழுவதற்கும் சுமார் 120 கிரெடிட் என்றால் மைனருக்குப் பெரும்பாலும் 15 முதல் 21 கிரெடிட் வரும், பேப்பர் ஒன்றுக்கு 3 கிரெடிட் என்று வைத்தால் ஐந்திலிருந்து ஏழு பேப்பர்.

அந்தப் பேப்பர்கள் ஒரே துறையில் இருக்காது, பல துறைகளிலிருந்து எடுத்துக் கோர்த்திருப்பார்கள். அரசியல் அறிவியல் துறையிலிருந்து அரசியலமைப்புச் சட்டம், தத்துவத் துறையிலிருந்து தர்க்கம், ஆங்கிலத் துறையிலிருந்து எழுத்துப் பயிற்சி, மேடைப் பேச்சு அல்லது விவாதம், அப்புறம் விருப்பப் பாடமாக வணிகச் சட்டம், குற்றவியல், அறவியல், சட்ட வரலாறு இப்படி ஏதாவது. இவற்றில் இத்தனை பேப்பர் டிகிரியின் மேல் வருடங்களுக்கான வகுப்பாக இருக்க வேண்டும், எதிலும் 'சி' கிரேடுக்குக் கீழே போகக் கூடாது, மேஜருக்குக் கணக்கு காட்டிய பேப்பரையே மைனருக்கும் காட்டுவதற்கு ஓர் அளவு உண்டு என்றெல்லாம் நிபந்தனைகள் போடுவார்கள். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் இது மாறும் என்பதால், தன் கல்லூரியின் பாடத்திட்டக் கையேட்டைப் பார்த்துவிட்டு அங்கே இருக்கும் பிரீ-லா ஆலோசகரிடம் ஒரு தடவை உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

சரி, இதைப் படித்து என்ன கற்றுக்கொள்வாள்? சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்வது இதன் நோக்கமே இல்லை. நீளமான, கடினமான ஒரு எழுத்தைப் பொறுமையாகப் படித்து அதில் என்ன வாதம் வைக்கப்பட்டிருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது, அந்த வாதத்தில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது, தன் பக்கத்தை ஆதாரத்தோடு தெளிவாக எழுதுவது, நாலு பேர் முன்னால் நின்று பதறாமல் பேசுவது, வேண்டிய தகவலைத் தேடி எடுப்பது, சட்டமும் கோர்ட்டும் சமுதாயத்தில் எப்படி வேலை செய்கின்றன என்று புரிந்துகொள்வது ஆகியவைதான் அந்த மைனரின் கற்றல் நோக்கங்களாக இருக்கும்.

ஆச்சி கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லா ஸ்கூலில் இடம் கிடைக்க இந்த மைனர் கட்டாயம் இல்லை. இன்ன பாடம்தான் படித்திருக்க வேண்டும் என்று அமெரிக்க பார் அசோசியேஷனும் (அங்குள்ள வக்கீல்கள் சங்கம்) சொல்வதில்லை, கணக்கு படித்தவரும் இசை படித்தவரும் அங்கே லா ஸ்கூலுக்குப் போகிறார்கள். லா ஸ்கூல் முதலில் பார்ப்பது டிகிரியில் எடுத்த மதிப்பெண்ணையும் எல்சாட் என்கிற நுழைவுத் தேர்வையும்தான். எல்சாட்டில் 120-லிருந்து 180 வரை மதிப்பெண் போடுவார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து அதில் புதிர்க் கட்டங்கள் மாதிரி இருந்த பகுதியை எடுத்துவிட்டார்கள், இப்போது மதிப்பெண் உள்ளவை தர்க்க வாதமும் வாசித்துப் புரிந்துகொள்வதும் மட்டும்தான். ஆகவே மைனரில் எழுதவும் வாதாடவும் வைக்கிற பேப்பர்கள் இருந்தால் பேத்தி தைரியமாக எடுக்கட்டும். 'பிரீ-லா' என்று பெயர் இருக்கிறதே என்பதற்காக மட்டும் எடுத்து, பொருளாதாரத்தில் மதிப்பெண் இறங்கினாலோ டிகிரி ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலோ அது நஷ்டம்தான்.

பின்னால் இங்கே வந்து தொழில் செய்வாளா என்ற ஆசையும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நம் அட்வகேட்ஸ் சட்டம், 1961 படி இங்கே பதிவு செய்யக் குடியுரிமை ஒரு முக்கியமான நிபந்தனை. இந்தியக் குடிமக்கள் வெளிநாட்டில் சட்டப் பட்டம் வாங்கியிருந்தால், அந்தப் பட்டம் இங்கே அங்கீகரிக்கப்பட்டதாக இருந்து, வக்கீல் தொழிலுக்கு விதி வகுக்கும் இந்திய பார் கவுன்சில் நடத்தும் தனித் தகுதித் தேர்வையும் எழுதித்தான் உள்ளே வர முடியும். பேத்தி எந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறாள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: காரைக்குடியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். டிகிரி முடித்துவிட்டு மூன்று வருட எல்எல்.பி. சேர ஆசை. வெளிநாட்டில் பிரீ-லா என்று தனியாகவே இருக்கிறதாமே, நமக்கு அப்படி எதுவும் இல்லையா? இப்போதிருந்தே நான் என்ன செய்யலாம்?
– கோட்டையூர் வாசகர்

பதில்: அந்தப் பெயரில் இல்லை தம்பி, ஆனால் சரக்கு உங்கள் கையிலேயே இருக்கிறது. புதிய கல்விக் கொள்கையைப் பின்பற்றும் பல்கலைக்கழகங்களில் மைனர் என்றே வைத்திருக்கிறார்கள், யு.ஜி.சி.யின் 2022 கட்டமைப்பில் மூன்று வருட டிகிரிக்கு 120 கிரெடிட். நம் மாநிலக் கல்லூரிகளில் ரொம்ப நாளாக இருப்பது அலைடு பேப்பர், அதாவது மெயின் பாடத்தோடு படிக்கும் துணைப் பாடம். அதோடு பி.காம். மாணவருக்கு பிசினஸ் லா, கம்பெனி லா, இன்கம்டாக்ஸ் என்று சட்டப் பேப்பர்கள் மெயின் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. கைடு வாங்கி, முக்கியக் கேள்வி பத்தை உருப்போட்டு, பரீட்சை முடிந்த அன்றே மறந்துவிடுகிற பேப்பர்களாக அவற்றை நடத்தாமல் இருந்தால் உங்களுக்கு அதுவே பிரீ-லா.

எப்படிப் படிப்பது என்று ஒரே ஒரு வழக்கை வைத்துக் காட்டுகிறேன். பிசினஸ் லாவில் மைனர் (இங்கே சட்டப்படி வயது நிரம்பாதவர் என்று பொருள்) செய்யும் ஒப்பந்தம் என்று வரும்போது மொஹோரி பீபி எதிர் தர்மோதாஸ் கோஷ், 1903 என்று ஒரு வரியில் போட்டிருப்பார்கள். நீங்கள் ஒரு நோட்டில் பக்கத்தை நாலாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் நடந்தது என்ன: கல்கத்தாவில் சட்டப்படி வயது நிரம்பாத ஒருவர், தன் வீடுகளை வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுக்கிறார். கடனை முடித்துக் கொடுத்த ஏஜெண்டுக்குப் பையனுக்கு வயது நிரம்பவில்லை என்ற தகவல் முன்கூட்டியே போயிருக்கிறது. அப்புறம் அந்த அடமானம் செல்லாது என்று பையன் தரப்பில் வழக்கு போடுகிறார்கள். இரண்டாவது கட்டத்தில் கேள்வி என்ன: மைனர் எழுதிக் கொடுத்த அடமானம் செல்லுமா, செல்லாது என்றால் கொடுத்த பணமாவது திரும்பி வருமா? மூன்றாவது கட்டத்தில் தீர்ப்பு: நம் நாட்டு வழக்குகளுக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்றது, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவிடவில்லை. நாலாவது கட்டம்தான் முக்கியம், ஏன்? 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம் வயது வந்தவர்தான் ஒப்பந்தம் செய்யத் தகுதி உள்ளவர் என்கிறது, தகுதியே இல்லாதவர் செய்ததை ஒப்பந்தம் என்றே எடுத்துக்கொள்ள முடியாது. பையன் பொய் சொல்லி ஏமாற்றினான் என்று கடன் கொடுத்தவர் தரப்பு சொன்ன வாதமும் எடுபடவில்லை, உண்மை அவர்கள் தரப்புக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததே!

இதோடு நோட்டை மூடிவிடாதீர்கள். ஒரு விவரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஏஜெண்டுக்கு உண்மை தெரியவே தெரியாது, பையன் போலிச் சான்றிதழ் காட்டியிருந்தான் என்று வைத்தால் தீர்ப்பு அப்படியே நிற்குமா? பணம் இன்னும் செலவாகாமல் பையன் கையிலேயே இருந்தால்? கொடுத்தவர் பக்கம் நின்று அரைப் பக்கம் எழுதுங்கள், மறுநாள் பையன் பக்கம் நின்று அரைப் பக்கம் எழுதுங்கள். லா ஸ்கூலில் முதல் வருடம் முழுக்கச் செய்யப் போவது ஏறக்குறைய இந்த வேலைதான். புரோநோட்டும் அடமானமும் வீட்டுப் பேச்சிலேயே அடிபடுகிற ஊரிலிருந்து வருகிறீர்கள், கல்கத்தா வழக்கு உங்களுக்கு அந்நியமாகவே தெரியாது.

அடுத்தது, காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கோர்ட்டுக்குப் போய் உட்காருங்கள். சில வகை வழக்குகளைத் தவிர மற்ற விசாரணைகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். போனை அணைத்துவிட்டு, பின் வரிசையில் சத்தம் போடாமல் உட்கார்ந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதைக் கவனியுங்கள். நல்ல வக்கீல் 'ஆமாம்', 'இல்லை' என்று மட்டும் பதில் வருகிற மாதிரி சின்னச் சின்னக் கேள்வியாகக் கேட்பார். 'ஏன் அங்கே போனீர்கள்?' என்று திறந்துவிட மாட்டார், 'நீங்கள் போகும்போது இருட்டிவிட்டது, அப்படித்தானே?' என்பார். பாடப் புத்தகம் இதைச் சொல்லித் தராது. பாதி நேரம் வாய்தா வாங்குவதிலேயே போகும், அதையும் பாருங்கள், தொழில் எப்படி இருக்கும் என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

முடிந்தால் உங்கள் வட்டத்தின் சட்டப் பணிகள் குழுவில் தன்னார்வலராகச் சேர வழி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மனு எழுதத் தெரியாமல் வருகிற ஒரு பெரியவரின் கதையைக் கேட்டு, அதில் எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்து ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பதை விடப் பெரிய பயிற்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பி.காம். படித்தது தப்போ என்ற சந்தேகமும் கடிதத்தில் இருந்தது. உங்கள் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் சென்னை பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்துவிட்டுத்தான் லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார். 1947-ல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர் அவர். சட்டத்துக்கு முன்னால் என்ன படித்தோம் என்பது தடையாக இருந்ததில்லை, எப்படிப் படித்தோம் என்பதுதான் கேள்வி.

கேள்வி: +2 எழுதியிருக்கிறேன், காமர்ஸ் குரூப். ஐந்து வருட சட்டப் படிப்பில் சேரலாம் என்கிறேன் நான். முதலில் ஒரு டிகிரி முடி, அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள் அப்பச்சி. யார் சொல்வது சரி?
– தேவகோட்டை மாணவி

பதில்: உங்களுக்குச் சட்டம்தான் என்று உறுதியாக இருந்தால் ஐந்து வருடமே நல்லது. டிகிரி மூன்று, எல்எல்.பி. மூன்று என்று போனால் ஆறு வருடம் ஆகும், இதில் ஒரு வருடம் மிச்சம். பி.ஏ. எல்எல்.பி.யில் முதல் இரண்டு வருடமும் வரலாறு, அரசியல் அறிவியல், பொருளாதாரம், சமூகவியல், ஆங்கிலம் என்று வருவதால் அமெரிக்காவில் பிரீ-லா என்று தனியாகப் படிப்பது இதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உறுதியாக இல்லை, கேட்டால் 'பிடிக்கும்னு நினைக்கிறேன்' என்கிற அளவில்தான் இருக்கிறது என்றால் அப்பச்சி சொல்வதைக் கேளுங்கள், ஐந்து வருடப் படிப்பை மூன்றாவது வருடத்தில் விட்டுவிட்டு வருகிற பிள்ளைகளுக்குக் கையில் எந்தப் பட்டமும் இருப்பதில்லை.

எந்த குரூப் படித்தவரும் சேரலாம். பார் கவுன்சில் விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45, ஓ.பி.சி.க்கு 42, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40 சதவீதம் குறைந்தபட்சம் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகளுக்கு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் வழியாக +2 மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிறார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. இப்போது காரைக்குடியிலேயே அரசு சட்டக் கல்லூரி வந்துவிட்டது, மதுரையும் திருச்சியும் எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் கிளாட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், இரண்டு மணி நேரத்தில் 120 கேள்வி, தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். அதிலும் கேள்விகள் பத்தியைப் படித்துப் பதில் சொல்கிற மாதிரிதான் வரும், அதனால் வேகமாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்குக் கோச்சிங் இல்லாமலும் ஓரளவு கை கொடுக்கும்.

நீதிபதி ஆக ஆசை என்று எழுதியிருக்கிறீர்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது, சிவில் நீதிபதி தேர்வு எழுதக் குறைந்தது மூன்று வருடம் வக்கீலாகத் தொழில் செய்திருக்க வேண்டும். படிப்பு முடிந்த உடனே எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இந்த மூன்று வருடக் கணக்கையும் சேர்த்து அப்பச்சியிடம் பேசுங்கள், அவர்கள் பயம் பெரும்பாலும் எப்போது சம்பாதிக்க ஆரம்பிப்பாய் என்பதாகத்தான் இருக்கும்.

கேள்வி: ரைஸ் மில்லில் கணக்கு எழுதுகிறேன். தபால் வழியில் பி.ஏ. முடித்தேன். எல்எல்.பி. சேர முடியுமா? அதையும் தபாலில் படிக்கலாமா?
– புதுவயல் வாசகர்

பதில்: பத்தாவது, +2 முறையாக முடித்த பிறகு தபால் வழியில் வாங்கிய டிகிரி என்றால் சேரலாம். +2 படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாக வாங்கிய டிகிரியாக இருந்தால் பார் கவுன்சில் விதி ஏற்றுக்கொள்ளாது. எல்எல்.பி.யைத் தபாலில் படிக்க வழியே இல்லை. வகுப்புக்கு நேரில் போக வேண்டும், ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். தபாலில் எல்எல்.பி. வாங்கித் தருகிறோம் என்று யாராவது பணம் கேட்டால் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். மில் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு முடியாது என்பதால், மூன்று வருடம் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று முதலில் முடிவு செய்துவிட்டு விண்ணப்பம் வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பெரிய வீட்டுக்குப் பங்காளிகள் பெருகிப்போய் யார் பங்கு எவ்வளவு என்பதே தகராறாக இருக்கிறது. சிலர் மலேசியாவில், சிலர் சென்னையில். கேஸ் வருடக்கணக்காக இழுக்கிறது. ஒரே மகனை வக்கீலுக்குப் படிக்க வைத்துவிட்டால் நம் கேஸை அவனே நடத்திவிடுவான் என்று நினைக்கிறேன். அதற்கு எந்தப் படிப்பில் ஆரம்பிக்கட்டும்?
– கண்டனூரிலிருந்து ஒரு தகப்பனார்

பதில்: ஐயா, இந்தக் காரணத்துக்காக என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். தனக்குப் பணமோ சொத்தோ சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒரு வக்கீல் அந்த வழக்கை எடுத்து நடத்தக் கூடாது என்று இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகளே சொல்கின்றன. பூர்வீக வீட்டில் உங்கள் மகனும் பங்கு உள்ளவர். தான் சாட்சி சொல்ல வேண்டி வரும் வழக்கிலும் வக்கீலாக நிற்கக் கூடாது. ஆக மகன் படித்து முடித்து கருப்புக் கோட்டு போட்டாலும், அவர் போய் நிற்கவே முடியாத கேஸ் உங்கள் வீட்டுக் கேஸ்தான். ஐந்து வருடம் படிப்பு, அதற்கு மேல் ஒரு சீனியரிடம் சில வருடம், அதுவரை கோர்ட்டும் காத்திருக்காது, மழையில் ஓடு சரிகிற வீடும் காத்திருக்காது.

கேஸுக்கு வேறு வழி பாருங்கள். எல்லாப் பங்காளிகளையும் ஒரே நாளில் கூட்ட முடிந்தால் சமரசம் பேசி முடிக்கும் லோக் அதாலத்துக்கு (மக்கள் நீதிமன்றம்) கொண்டுபோகக் கேளுங்கள். அங்கே சமரசமாக முடிந்தால் அதுவே கோர்ட் தீர்ப்பு மாதிரி, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். மலேசியாவில் இருப்பவர்களிடம் முறையான பவர் வாங்கிவிட்டாலே பாதி இழுபறி தீரும்.

ஆனால் மகனுக்கு நிஜமாகவே சட்டத்தில் நாட்டம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அந்த வீடே ஒரு நல்ல வழி. ஒரு பெரிய சார்ட்டு பேப்பரைக் கொடுத்து, வீட்டைக் கட்டினவரிலிருந்து ஆரம்பித்து வம்ச மரம் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எப்போது காலமானார், உயில் உண்டா, பெண் பிள்ளைகள் யார் யார், எந்த வருடம் கல்யாணம் என்று எழுதட்டும். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அப்போது கல்யாணம் ஆகாமல் இருந்த பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் ஆண் பிள்ளைக்குச் சமமான உரிமை வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் கல்யாணம் ஆன பெண்களுக்கும் வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பது தேவையில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில் தெளிவாகச் சொன்னது. நம் பக்கத்தில் சுவீகாரம் போனவர்களும் வந்தவர்களும் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு, பிள்ளை வேறு வீட்டுக்குச் சுவீகாரம் போய்விட்டால் பிறந்த வீட்டில் அதற்கு முன்பே அவருக்கு உரிமையாகிவிட்ட சொத்தைத் தவிர மற்றதில் பங்கு போய்விடும். இந்தத் தேதிகளை மரத்தின் மேல் வைத்து யார் பங்கு எப்படி மாறுகிறது என்று மகன் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தால், மறுநாள் காலையில் 'அப்பா, இந்த அத்தைக்கும் பங்கு வருதே' என்று தானாக வந்து கேட்டால், தயங்காமல் சேர்த்துவிடுங்கள். பேப்பரைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டால் அவர் வேறு எதையாவது நன்றாகப் படிக்கட்டும்.

கேள்வி: பத்தாவது வரை அல்ல, பி.ஏ. வரைக்குமே தமிழ் வழியில்தான் படித்தேன். சட்டம் என்றால் முழுக்க ஆங்கிலம் என்று பயமுறுத்துகிறார்கள். என்னால் முடியுமா? வக்கீலான பிறகு எழுதும் பார் தேர்வைத் தமிழில் எழுதலாமா?
– கானாடுகாத்தான் வாசகி

பதில்: முடியும் அம்மா. நீங்கள் முதலில் போய் நிற்கப் போவது முன்சீப் கோர்ட்டிலும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலும்தான். தமிழ்நாட்டில் கீழமை நீதிமன்றங்களில் தமிழ்தான் ஆட்சி மொழி, சாட்சி பேசுவது தமிழ், பத்திரங்கள் தமிழ், கட்சிக்காரர் அழுதுகொண்டே சொல்வதும் தமிழில்தான். ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற பலர் ஒரு பழைய கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லை விவரத்தைப் படிக்கத் தெரியாமல் முழிப்பதைப் பார்க்கலாம், அந்த இடத்தில் நீங்கள் முன்னால் இருப்பீர்கள். தமிழில் நன்றாக எழுதத் தெரிந்தவருக்குச் சட்டத்தில் பெரிய பலம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆங்கிலமே வேண்டாம் என்று மட்டும் சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம், மதுரைக் கிளைக்குப் போனாலும் அதுதான். தீர்ப்புத் தொகுப்புகள், நல்ல பாட நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதனால் சேர்வதற்கு முன்னால் இருக்கிற மாதங்களில் ஒரு வேலை செய்யுங்கள். அரசியலமைப்புச் சட்டத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 14-லிருந்து 21 வரை உள்ள உறுப்புகளை முதலில் தமிழில் படித்துப் புரிந்துகொண்டு அப்புறம் ஆங்கிலத்தில் படியுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் ஆங்கில வாக்கியம் பயமுறுத்தாது. அதற்கு அடுத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை எடுங்கள், பல தீர்ப்புகளின் தமிழ் மொழிபெயர்ப்பு இப்போது நீதிமன்றத்தின் இணையதளத்திலேயே கிடைக்கிறது, அதையும் இதே மாதிரி இரண்டு மொழியிலும் படியுங்கள். கோட்டையூர்த் தம்பிக்குச் சொன்ன நாலு கட்ட நோட்டைத் தமிழிலேயே போடுங்கள், கடைசிக் கட்டத்தை, அதாவது 'ஏன்' என்பதை மட்டும் ஆங்கிலத்திலும் நாலு வரி எழுதிப் பழகுங்கள். இலக்கணம் தப்பாகத்தான் வரும், வரட்டும். காரணம் சரியாக வந்தால் மொழியைப் பின்னால் திருத்திக்கொள்ளலாம், காரணமே இல்லாத நல்ல ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு எந்த நீதிபதியிடமும் ஒன்றும் வாங்க முடியாது.

அப்புறம், எல்எல்.பி. முடித்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அட்வகேட்ஸ் சட்டத்தில் சொன்ன தொகைக்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அது பொதுவாக 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய். நீங்கள் கேட்ட அகில இந்திய பார் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பம் போடும்போதே தேர்வு மொழி கேட்பார்கள், அங்கே தமிழைக் குறித்துவிடுங்கள்.